கல்குவாரிக் கிராமங்களுக்கான சிறு நிதி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பல ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவின் தீர்மானங்கள் எல்லோருக்கும் அனுப்பப்பட்டுவிட்டன. 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்குப் போக வேண்டிய தாள்களும் போய்விட்டன. புதிய உறுப்பினர் சேர்க்கை சுமார்தான். மீதி அறிக்கை முழுவதும், குவாரிகளைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஊர்களுக்குச் செலவுக்குக் கொடுக்கும் சிறு நிதியைப் பற்றியது. இந்த வருஷம் சங்கம் உருப்படியாகச் செய்த வேலை அதுதான்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. 2022 மே 14 இரவு திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினார்கள், நான்கு பேர் உயிரிழந்தார்கள். அதுவரை வெடிச் சத்தத்துக்கும் வீட்டுச் சுவர் விரிசலுக்கும் பழகிப்போயிருந்த பல ஊர்கள் அப்புறம்தான் கேள்வி கேட்கத் துணிந்தன. கேள்வி கேட்க எதற்குப் பணம் என்று வெளியில் கேட்கிறார்கள். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய்தான். ஆனால் நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் என்று கணக்குப் போட்டால் குவாரிக் கோப்பு ஒன்றை வாங்குவதற்குள் கை காலியாகிவிடும். இந்தச் சில்லறைச் செலவுக்குத்தான் ஓர் ஊருக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் என்று வைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு நாம் கண்ட பெரிய விஷயம், பணத்தின் அளவைவிட அது போய்ச் சேரும் தேதி முக்கியம் என்பது. குவாரிக்கு அனுமதி தருமுன் ஊர் மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னால் அறிவிப்பு வந்தால் போதும் என்கிறது 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் சொன்னால் மேலும் 60 நாள். நாமோ ஆரம்பத்தில் விண்ணப்பம், கிராமத் தீர்மானம், செயற்குழு என்று மூன்று படி வைத்திருந்தோம். பெரிய நிறுவனங்கள் செய்வதைப் பார்த்து வைத்ததாக இருக்கும். ஆவணியில் இதை மாற்றித் தீர்மானம் போட்ட பிறகு தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் சம்மதித்தாலே ஒரு வாரத்துக்குள் பணம் கொடுக்கிறோம். ரசீது பின்னால் வந்தால் போதும். பஸ் டிக்கெட்டுக்கு ரசீது கேட்டு யாரையும் அலைய விடவில்லை.

இதனால் என்ன நடந்தது என்பதற்கு ராதாபுரம் பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்லலாம். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரி என்றால் கருத்துக்கேட்பு தேவையில்லை என்பது பொதுவான பேச்சு. ஆனால் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளை ஒரே தொகுப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டும். மொத்தம் ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் மக்களைக் கேட்டாக வேண்டும். அந்த ஊர் இளைஞர்கள் நம் பணத்தில் நில அளவைப் புலப்படங்களை வாங்கி, சர்வேயர் ஒருவரை வைத்து அளந்தார்கள். அதன் பிறகு கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. அதற்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தடித்த ஆங்கிலப் புத்தகம், தமிழில் சுருக்கம் மட்டும். உட்கார்ந்து வரிவரியாகப் படித்தபோது, மருகால் பாயும் ஊர்க்குளம் அதில் இல்லவே இல்லை! குளத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு அதைக் கூட்டத்தில் சொன்னவர் எழுபது தாண்டிய பாட்டி. அனுமதி இன்னும் நிலுவையில் இருக்கிறது. வெற்றி என்று இப்போதே எழுத எனக்கு மனமில்லை.

விரிசல் விழுந்த வீடுகளைப் பற்றி நிறைய மனுக்கள் வந்தன. குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் சொல்கின்றன. எம்சாண்ட் வந்த பிறகு கிரஷர் ஓயாமல் ஓடுகிறது. தூசியும் டாரஸ் லாரியும் 300 மீட்டர் கோட்டில் நிற்பதில்லை. தூரத்தை அளந்து படம் எடுத்து வைத்துக்கொண்டு மனு எழுதுங்கள் என்பதே எல்லா ஊர்களுக்கும் சொல்லும் யோசனை.

செயற்குழுவில் காரசாரமாகப் பேசப்பட்டது, குவாரித் தொழிலாளரின் நுரையீரல் எக்ஸ்ரே செலவை நிதியிலிருந்து கொடுக்கலாமா என்பது. “குவாரியில் சம்பளம் வாங்குறவனுக்கு நாம ஏன் செலவழிக்கணும், அண்ணாச்சி?” என்று ஒரு உறுப்பினர் கேட்டார். என் கருத்து வேறு. அடைமிதிப்பான்குளத்தில் போனவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தானே. கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸுக்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. பல நேரம் அதைக் காசநோய் என்று எடுத்துக்கொண்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தொழில்நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சட்டப்படி இழப்பீடு கேட்க வழி உண்டு. வேலை பார்த்ததற்கு ஆதாரம் கேட்பார்கள்; கான்ட்ராக்டர்கள் கூலியைக் கையில் கொடுத்துப் பழக்கமே தவிர, சீட்டுக் கொடுத்துப் பழக்கமில்லை. வருகைப் பதிவேட்டைக் கேட்டு மனுப் போடவும் நிதி உதவலாம் என்று கடைசியில் முடிவானது. கேள்வி கேட்ட அதே உறுப்பினரின் மருமகன் டிப்பர் ஓட்டுகிறார், அவரும் எக்ஸ்ரே எடுத்துவிட்டார்.

நிதி பெற்றவர்கள் பெயர் இந்த அறிக்கையில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் 2023 ஏப்ரல் 25 அன்று அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் கனிமக் கொள்ளைக்கு எதிராகத் தொடர்ந்து மனுக் கொடுத்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அரசு ஊழியருக்கே அந்தக் கதி என்றால் மனுதாரருக்கு என்ன பாதுகாப்பு? அதனால் மிரட்டல் வந்தால் கொஞ்ச நாள் வெளியூரில் தங்கவும், புகார் கொடுக்க வக்கீலோடு போகவும் தனியாக ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். மனுவைத் தனி ஆள் பெயரில் போடாமல் பலர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். கிராம சபைத் தீர்மானமாகப் போட்டால் இன்னும் நல்லது. வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது.

வக்கீல் ஃபீஸ் தாங்க முடியவில்லை என்பதும் நியாயம்தான். 2010-இல் தோழர் நல்லகண்ணு தாமே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வாதாடித் தாமிரபரணி மணலுக்குத் தடை வாங்கினார். எல்லோராலும் அது ஆகுமா? வழக்குச் செலவு நம் சிறு நிதிக்கு மேலே போகும் காரியம். இலவச சட்ட உதவி மையத்துக்கு அனுப்புகிறோம்.

வெளிநாட்டு அமைப்புகளிடம் கேட்கலாமே என்று சிலர் எழுதியிருந்தார்கள். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அப்படிப் பணம் பெறும் ஒரு நிறுவனம் அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நமக்கு அந்தப் பதிவும் இல்லை. ஆகவே சந்தாவும், சென்னை மும்பையில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் கோயில் கொடைக்கு வரும்போது தருவதும்தான் நம் வரவு. கிரஷர் நடத்தும் ஒருவர் நன்கொடை தருவதாகச் சொல்லி ஆள் அனுப்பினார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

உச்சவரம்பை 20,000 ஆக்கலாமா என்பது இன்று முடிவு செய்ய வேண்டியது. கூட்டினால் உதவி பெறும் ஊர்கள் குறையும். 15,000-லேயே நிறுத்தலாம் என்பது என் பரிந்துரை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்