உடல்மொழிக்கு அகராதி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் உடல்மொழி குறித்து வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஒருவர் பேசும்போது சொற்களோடு சேர்த்து முகத்தையும் கையையும் குரலையும் கவனிக்க வேண்டும் என்ற அதன் நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால், கையைக் கட்டிக்கொண்டால் எதிர்ப்பு, மூக்கைத் தொட்டால் பொய், கண்ணைப் பார்க்காவிட்டால் குற்ற உணர்வு என்று ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு பொருளை எழுதி, அதைக் கொண்டு வீட்டிலும் அலுவலகத்திலும் எதிரில் இருப்பவரை எடைபோடலாம் என்று கட்டுரை கூறுவது எனக்குக் கவலை தருகிறது. மருத்துவமனை வார்டுகளில் நெடுங்காலம் செவிலியராக இருந்து, பேச முடியாதவர்களின் முகத்தைப் பார்த்தே பாதி வேலையைச் செய்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு செய்தியில் 7 விழுக்காடு மட்டுமே சொற்களால் போய்ச் சேருகிறது, 38 விழுக்காடு குரலாலும் 55 விழுக்காடு முகத்தாலும் போகிறது என்ற கணக்கைக் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. பயிற்சி வகுப்புகளிலும் இதை அடிக்கடி சொல்கிறார்கள். இந்த எண்கள், உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் சக ஆய்வாளர்களுடன் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒன்றில், தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனிகளில் பதிவுசெய்து கேட்கவைத்தார்கள். மற்றொன்றில், 'இருக்கலாம்' என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல்லை மூன்று தொனிகளில் ஒலிக்கவிட்டு, கூடவே முகங்களின் புகைப்படங்களைக் காட்டி, பேசுபவருக்கு இருப்பது விருப்பமா வெறுப்பா என்று கேட்டார்கள். உணர்வுகளையும் மனப்பான்மையையும் வெளிப்படுத்தும் பேச்சுக்கு மட்டுமே தம் கணக்கு பொருந்தும் என்று மெஹ்ராபியனே பின்னர் தெளிவுபடுத்தினார். ஒரு மாத்திரையை எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்பதை முகத்தாலும் தொனியாலும் சொல்லிவிட முடியுமா என்று எண்ணிப் பார்த்தாலே, அதை எல்லாப் பேச்சுக்கும் நீட்டுவது எவ்வளவு தவறு என்பது புரிந்துவிடும்.

பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய பகுதிதான் மிகவும் ஆபத்தானது. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபவுலோ என்னும் இரு ஆய்வாளர்கள், ஏறத்தாழ 200 ஆய்வறிக்கைகளில் 24,000க்கும் மேற்பட்டோர் அளித்திருந்த தீர்ப்புகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். சிறப்புக் கருவி எதுவும் இல்லாமல், கண்டதையும் கேட்டதையும் வைத்து உண்மையையும் பொய்யையும் பிரித்தறிந்ததில் சராசரி 54 விழுக்காடுதான் சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 கிடைத்துவிடும். தொழில்முறையில் பொய்யர்களைக் கையாள்பவர்களும் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையை வைத்து ஆபத்தானவர்களைக் கண்டறியும் திட்டத்துக்கு 2007 முதல் ஏறத்தாழ 90 கோடி டாலர் செலவிட்ட பிறகு, அது பலன் தருகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே 2013இல் அறிக்கை அளித்தது. நிலைமை இப்படி இருக்க, நேர்காணலில் பதற்றத்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும் இளைஞரையும், ஆசிரியர் முன் வார்த்தை வராமல் நிற்கும் மாணவியையும், ஒரு கட்டுரையில் படித்ததை நம்பி நாம் பொய்யர்களாக்கிவிடக் கூடாது.

நோயால் முகம் மாறியவர்கள் படும் பாடு தனி. பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கு முகத் தசைகளின் இயக்கம் குறைந்து, கண் இமைப்பதுகூட அரிதாகிவிடும். குரலும் ஏற்ற இறக்கமின்றித் தணிந்துவிடும். உள்ளே மகிழ்ச்சி இருந்தாலும் முகத்தில் அது எழாது. பேரப்பிள்ளைகள் வந்தும் இவருக்கு ஒரு சிரிப்பு இல்லையே என்று குடும்பத்தார் மனம் நோவதையும், அதைக் கேட்டு அவர் கண் கலங்குவதையும் வார்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பதே பெரும் சிரமம். வேறெங்கோ பார்த்தபடிதான் அவர்களால் நாம் சொல்வதைக் கவனமாகக் கேட்க முடிகிறது. 'கண்ணைப் பார்க்காதவர் நம்பத்தகாதவர்' என்ற ஒரு வரி இவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்?

வெளியே தெரியும் ஓர் அறிகுறிக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம் என்பது நம் மரபுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகள் எட்டு என்று சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில், அதாவது காரணங்களில், பிறக்கும் என்கிறது. அழுகை பிறர் இகழ்வதாலும் வரும், இழப்பாலும் வரும், முன்னிருந்த நிலை தளர்வதாலும் வரும், வறுமையாலும் வரும். சிரிப்புக்கும் அப்படித்தான், எள்ளிச் சிரிப்பதும் அறியாமையால் சிரிப்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் உடல்மொழியைக் கவனிப்பதால் பயனே இல்லையா என்று கேட்கலாம். மிகுந்த பயன் உண்டு. ஆனால் அந்த மனிதரின் வழக்கமான நிலை என்ன என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒரு மூதாட்டியைப் படுக்கையில் புரட்டும்போதெல்லாம் கையைத் தளர விட்டு எங்களிடம் தம்மை ஒப்படைத்துவிடுவார். ஒரு நாள் காலையில் அவர் முகம் சுளிக்கவில்லை, முனகவும் இல்லை. போர்வையின் ஓரத்தை மட்டும் விரல்கள் வெளுக்கும்படி இறுகப் பிடித்திருந்தார். துணியை விலக்கிப் பார்த்தபோது இடுப்பை ஒட்டிய தோல் சிவந்து படுக்கைப் புண் தொடங்கியிருந்தது. அந்தப் பிடிக்கு எந்தப் பட்டியலிலும் பொருள் இல்லை. அவர் வழக்கமாக அப்படிப் பிடிக்க மாட்டார் என்று தெரிந்ததால்தான் தேடிப் பார்த்தோம்.

முற்றிய மறதி நோயில் வலியைச் சொல்ல முடியாதவர்களுக்காக 2003இல் வெளியிடப்பட்ட 'பெயினாட்' என்னும் அளவுகோல், மூச்சு, முனகல், முகபாவம், உடல் அசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் தருகிறது. வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இந்த ஐந்தையும் தெரிந்துகொண்டால், 'சும்மா அடம் பிடிக்கிறார்' என்று ஒதுக்கிவிடும் பல நேரங்களில் வலிக்கு மருந்து கிடைக்கும்.

பிறர் உடலைப் படிப்பதில் காட்டும் ஆர்வத்தில் சிறு பங்கையாவது நம் உடல் என்ன சொல்கிறது என்பதில் காட்டலாம். முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மருத்துவர் நின்றுகொண்டு பேசியபோதும் உட்கார்ந்து பேசியபோதும் ஆன நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனாலும், அவர் உட்கார்ந்து பேசியபோது கூடுதல் நேரம் இருந்ததாகவே நோயாளிகள் உணர்ந்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார எவருக்கும் பயிற்சி வகுப்பு தேவையில்லை. 1970களில் உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் நடத்திய சோதனையில், குழந்தையின் எதிரில் இருந்த தாய் சில நிமிடம் முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் இருந்தார். குழந்தை முதலில் சிரித்து அவரை அழைத்துப் பார்த்தது. பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கைப்பேசித் திரையில் மூழ்கிய முகத்தோடு குழந்தைக்குச் சோறூட்டும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. 7–38–55 கணக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை விளக்கி ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பேச்சுச் சிகிச்சையாளர், நரம்பியல் மருத்துவர், சிறப்புப் பள்ளி ஆசிரியர் ஆகியோரைக் கொண்டு இதே பொருளில் தொடர்ந்து எழுதச் செய்யுங்கள். நேர்காணல் படிவத்தில் 'கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா' என்ற வரிக்கு மதிப்பெண் ஒதுக்கியிருக்கும் நிறுவனங்கள் அதை நீக்கிவிட்டு, கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன விடைக்கு அந்த மதிப்பெண்ணைத் தர வேண்டும் என்றும் இக்கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்