தூங்கத்தான் ரயில் ஏறுகிறோம், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை வரும் காலை ரயிலில் ஒரே ஒரு நாள் ஏறி, எங்களையெல்லாம் ‘கவனித்து’ ஒருவர் எழுதிய கட்டுரையை சென்ற ஞாயிறு இணைப்பில் படித்தேன். நடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் “தினசரிப் பயணிகளில் பாதிப் பேர் தூங்குவதற்கென்றே ரயில் ஏறுகிறார்கள்” என்று ஒரு வரி போட்டிருந்தாரே, அதைப் படித்த பிறகு அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

பத்தொன்பது வருடமாக சோழவந்தானிலிருந்து சீசன் டிக்கெட்டில் வந்து போகிறேன். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. எங்கள் தெருவில் தண்ணீர் திறப்பது விடியற்காலை நாலரைக்கு. பிடித்து வைத்து, சமைத்து, மூன்று டப்பா கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். உட்கார இடம் கிடைத்தால் கண் சொருகத்தான் செய்யும். “வாயைத் திறந்தபடி தூங்கும் இளம்பெண்” என்று அவர் வர்ணித்திருப்பவள், திண்டுக்கல்லில் இரவுப் பணி முடித்து வீட்டுக்குத் திரும்பும் நர்ஸ். கூடல் நகர் தாண்டி, வைகைப் பாலத்தில் சக்கரச் சத்தம் மாறியதும் தானாகக் கண் திறப்பாள். ஒருநாள் பாலத்துக்கு முன்னாலேயே அவுட்டரில் அரைமணி நேரம் வண்டியைப் போட்டுவிட்டார்கள். அவளும் அசையவில்லை. அந்த அரைமணிக்கு எனக்கு அரைநாள் சம்பளம் போனது. அதைப் பற்றியும் யாராவது கட்டுரை எழுதலாம்.

வெற்றிலைக்காரப் பெரியம்மா கூடையை வாசலில் வைத்து வழியை மறிக்கிறார் என்று இன்னொரு குறை. கூடையை உள்ளே தள்ளினால் கூட்டத்து வெக்கையில் இலை வதங்கிவிடும். கவுளி கவுளியாக அடுக்கி, ஈரச் சாக்கு போர்த்தி, கதவோரக் காற்றில் வைத்தால்தான் மதுரை வரை பச்சையாக வந்து சேரும். சாக்கை அவர் கொஞ்சம் விலக்கி, புறங்கையால் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி மூடுவதைக் கட்டுரையாளர் பார்க்கவில்லை போலும். சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளில் வந்ததே, அந்த இலைதான் ஐயா அது.

பார்த்ததும் எடைபோடும் தப்பை நானும் செய்திருக்கிறேன். அம்பாத்துரையில் ஏறும் ஒரு பெரியவர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி அடுத்த பெட்டிக்கு மாறுவார். டிக்கெட் இல்லாத ஆள், பரிசோதகருக்குப் பயந்து ஓடுகிறார் என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, முழங்கால் வலிக்காரர். ஏறும் இடத்தில் கடைசிப் பெட்டிதான் அவருக்கு எட்டும். மதுரையில் படிக்கட்டு முன்பெட்டிக்கு நேரே. ஸ்டேஷனுக்கு ஒரு பெட்டியாக நகர்ந்து வந்து சேர்கிறார். ஆறு மாதம் பார்த்த எனக்கே இந்த லட்சணம் என்றால், ஒன்றரை மணி நேரம் பார்த்தவரை என்ன சொல்ல?

சீட்டாடும் கோஷ்டிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களைப் பற்றி அவர் எழுதியது அத்தனையும் உண்மை, இன்னும் நாலு வரி சேர்த்திருக்கலாம். பெண்கள் பெட்டியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கேட்டால் “அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுவேம்மா” என்கிற ஆண்களையும் சேர்த்திருக்கலாம். அது 1989 ரயில்வே சட்டத்தின் 162ஆம் பிரிவுப்படி குற்றம் என்பது தாங்கள் அறியாததல்ல. ஆனால் அவர் கண்ணை உறுத்தியது, நாங்கள் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது. “அநாகரிகம்” என்கிறார். அந்தக் கைக்குட்டை சமயநல்லூரில் ஏறும் ஏழு மாதக் கர்ப்பிணிக்காக. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் சூட்டி, 10 ரூபாய் இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ஆக்கினார்களே, அப்போது எங்களைக் கவனிக்க ஒருவரும் வரவில்லை. அதே பெட்டி, அதே தாழ்ப்பாள் இல்லாத கழிவறை. 2024 பிப்ரவரியில் குறைக்கும்வரை பெரியம்மா ஒவ்வொரு நடைக்கும் முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று பத்து ரூபாய்த் தாளாக எண்ணிக் கொடுத்தார்.

சரி, பழைய கதை போகட்டும். நான் கேட்பது ஒன்றுதான். தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில் ரத்து என்றால், அதை முதல் நாள் பேப்பரிலேயே போடுங்கள். ரத்தான அன்று காலையில், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எட்டாம் பக்கத்தின் ஓரத்தில் தேடிக் கண்டுபிடிப்பதில் எங்களுக்கு என்ன லாபம்?

கட்டுரையாளர் மறுபடியும் வருவதாக இருந்தால் தெரியப்படுத்துங்கள். மூன்றாவது பெட்டியில் கைக்குட்டை போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
சீசன் டிக்கெட்காரி ஒருத்தி,
சோழவந்தான்.