பிரசவ அறை வாசலில் நிறுத்தப்பட்ட துணை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாயில்லாத என் மகள் தலைப்பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்தபோது, கூட இருந்து பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள பெண் எவரும் இல்லாததால், பயிற்சி பெற்ற பிரசவத் துணை ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினோம். 'டூலா' என்று இவர்களை அழைக்கிறார்கள். எங்கள் தெருவில் பலர் இவரை மருத்துவச்சி என்றே எண்ணிக்கொண்டார்கள், அது சரியன்று. டூலா பிரசவம் பார்ப்பதில்லை, உள்பரிசோதனை செய்வதில்லை, மருந்தும் கொடுப்பதில்லை. வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும் வரை அருகிலேயே இருந்து, இடுப்பை நீவிவிட்டு, நடக்கவும் சாய்ந்து உட்காரவும் உதவி, மூச்சை ஒழுங்காக விடச் சொல்லித் தைரியம் கொடுப்பதே அவர் வேலை.

வலி எடுத்து, சேலத்தில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்ற பிறகுதான், குடும்பத்தினர் ஒருவருக்கு மட்டுமே பிரசவ அறைக்குள் அனுமதி என்றார்கள். மாதந்தோறும் பரிசோதனைக்குப் போனபோது ஒருவரும் இதைச் சொல்லவில்லை. மருமகன் உள்ளே போனார். இரண்டு மாதம் என் மகளைப் பழக்கிய அந்தப் பெண், இரவு முழுவதும் என்னோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மருமகன் இரண்டு முறை வெளியே வந்து அவரிடமே கேட்டுக்கொண்டு போனதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. இடநெருக்கடியும் தொற்று அச்சமும் எனக்குப் புரியாதவை அல்ல. பெயர் பதியும் நாளிலேயே சொல்லியிருக்கலாம் என்பதே என் வருத்தம்.

பிரசவத்தின்போது பெண்ணொருவர் உடனிருக்க அரசு மருத்துவமனைகளில் இடமளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது. கர்ப்பிணி விரும்பும் துணை உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் பரிந்துரைத்தது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான அறிக்கை, இடைவிடாத துணை கிடைத்தவர்களுக்குச் சிசேரியன் குறைவதையும் வலி நேரம் சற்றுச் சுருங்குவதையும் காட்டியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் இது 60-ஐத் தாண்டுகிறது. துணை ஒருவர் வந்துவிட்டால் இது தலைகீழாக மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை.

காசு கொடுத்து டூலா வைத்துக்கொள்ள எல்லாராலும் முடியாது. ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து 108 வண்டியில் சேலத்துக்கு இறங்கிவரும் பெண்ணுக்கு, உடன் வரும் மாமியாரோ அத்தையோதான் துணை. முன்பின் அறியாத ஊரில் அவரையும் வாசலில் நிறுத்திவிட்டால் அந்தப் பெண் யார் கையைப் பிடித்துக்கொள்வாள்?

ஆகவே, பிரசவ அறைக்குள் எத்தனை பேர், யார் யார் வரலாம், சம்பளத்துக்கு அமர்த்திய துணைக்கு அனுமதி உண்டா என்பதை அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் பதிவுச் சீட்டிலேயே தமிழில் அச்சிட்டுத் தர, மாவட்டச் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்மாப்பேட்டை, சேலம்