ஊசி போட்ட நேரத்தையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்

பெட் ஸ்கேன் பார்க்கும் அணு மருத்துவ டாக்டர்களுக்கு, வணக்கம்.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் தக்காளி மண்டிக் கணக்கு எழுதுகிறவன் நான். தம்பிக்கு மூளையில் கிளையோமா என்ற கட்டி. ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகு எம்ஆர்ஐயில் ஒரு திட்டு தெரிந்தது. கட்டி திரும்ப வளர்கிறதா, கதிர்வீச்சு பட்ட புண்ணா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் பெட்.

பெட்டுக்கு வழக்கமாக ஊசியில் ஏற்றும் கதிரியக்கக் குளுக்கோஸ் மூளைக்குச் சரிவராது. நல்ல மூளையே குளுக்கோஸை அள்ளித் தின்னும்; படம் முழுக்க ஒளிர்ந்தால் கட்டியை எங்கே தேடுவது? அமினோ அமிலம் என்றால் கட்டிதான் கூடுதலாக இழுக்கும். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் சேர்க்கும் கதிரியக்கக் கார்பன்-11-க்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 20 நிமிஷம்; அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் மெஷின் இருக்கும் இடத்தை விட்டுத் தூரம் போகாது. எஃப்இடி என்ற இன்னொரு அமினோ அமில மருந்தில் இருக்கும் ஃப்ளோரின்-18-க்கு 110 நிமிஷம். தம்பிக்கு இரண்டு முறையும் எஃப்இடிதான், ஆனால் வேறு வேறு ஊரில்.

கட்டி இழுத்ததை நல்ல மூளை இழுத்ததால் வகுத்த விகிதம் முதல் ரிப்போர்ட் தாளில் 2.4, அடுத்ததில் 1.9. குறைந்துவிட்டது என்று அம்மா கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். மூளை டாக்டரோ, ஊசி போட்டு எத்தனையாவது நிமிஷத்தில் படம் எடுத்தார்கள் என்று கேட்டார். இரண்டு தாளிலும் இல்லை.

வீரியமான கட்டி பெரும்பாலும் எஃப்இடியைச் சட்டென்று இழுத்து, அப்புறம் விடத் தொடங்குமாம். மெதுவாக வளரும் கட்டியில் நேரம் ஆக ஆக ஏறுமாம். அப்படியானால் 10-ஆவது நிமிஷத்து எண்ணும் 40-ஆவது நிமிஷத்து எண்ணும் எப்படி ஒன்றாகும்? இன்னொன்று, முதல் ஊரில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்; இரண்டாவது ஊரில் யாரும் சொல்லவில்லை, களியும் பருப்புக் குழம்பும் தின்றுவிட்டே போனான். சாப்பாட்டின் அமினோ அமிலமும் அதே வாசல் வழியாகத்தானே மூளைக்குள் நுழைகிறது! எந்த இடத்தை நல்ல மூளை என்று வைத்து வகுத்தார்கள் என்பதும் எழுதவில்லை. காலிப் பெட்டி எடையைக் கழிக்காமல் நான் சீட்டு எழுதினால் அன்றே வேலை போய்விடும்.

ஐரோப்பிய, அமெரிக்க அணு மருத்துவச் சங்கங்கள் மூளைக்கட்டி மருத்துவர்களோடு சேர்ந்து 2019-ல் வெளியிட்ட நெறிமுறையில் எல்லாம் இருக்கிறது. எஃப்இடிக்குக் குறைந்தது 4 மணி நேரம் வெறும் வயிறு, ஊசி போட்ட 20 முதல் 40 நிமிஷத்துக்குள் படம், எதிர்ப்பக்கத்து நல்ல மூளையில் சாம்பல், வெள்ளைப் பகுதி இரண்டையும் சேர்த்து ஒப்பீடு. கேமராவுக்குக் கேமரா வித்தியாசம் வரும், சரி. ஆனால் எப்படி எடுத்தீர்கள் என்று நான்கு வரி எழுதப் புது மெஷின் வேண்டியதில்லையே.

தம்பிக்கு அடுத்த ஸ்கேன் தை மாதம். பெங்களூரா சேலமா, இன்னும் முடிவாகவில்லை.

ஓர் அண்ணன்,
பாலக்கோடு