ஜாஸ் ரசிகர் சங்கம், புதுச்சேரி: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

போன வருடம் நான் அறிக்கை படித்து முடிப்பதற்குள் பஜ்ஜி ஆறிவிட்டது என்று புகார் வந்தது. இந்த முறை அடக்கி வாசிக்கிறேன்.

முத்தியால்பேட்டை அறையில் மாதம் இரண்டு சனிக்கிழமை இசைத்தட்டு கேட்கும் கூட்டம் வழக்கம்போல் நடந்தது. டிசம்பரில் மட்டும் நடக்கவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும், பின்னால் சொல்கிறேன்.

ஆண்டு முழுக்க நம்மிடையே ஓடியது ஒரே சண்டைதான்: ரிக்கார்டு கட்சியா, கச்சேரி கட்சியா? வாசித்தது வாசித்தபடி நிற்பது தட்டில்தான், அதுதான் சாட்சி என்பது முதல் கட்சி. நேரில் கேட்பதே இசை என்பது இரண்டாவது. நான் முதல் கட்சிக்காரன். மே மாதம் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டை வைத்த அன்று எங்கள் பக்கம் பெரிய ஓட்டை விழுந்தது. அதன் முதல் பாட்டான ‘சோ வாட்’ ஓடும்போது, அதன் ஸ்வரங்கள் நம்முடைய கரகரப்பிரியாதான் என்று காட்ட ஓர் உறுப்பினர் ஆர்மோனியத்தை எடுத்தார். சுருதி சேரவில்லை. பெட்டியைத்தான் எல்லோரும் குறை சொன்னோம். பாவம், அதன்மேல் தப்பில்லை. 1959 மார்ச் 2 அன்று ஒலிப்பதிவு செய்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகம் கூடிச் சுருதி ஏறிவிடும். அப்படியே தட்டாகி, முதல் பக்கத்து மூன்று பாட்டும் முப்பது வருடத்துக்கு மேல் சுருதி ஏறியே உலகம் முழுக்க ஒலித்தன. 1990களில்தான் திருத்தினார்கள். நம்மிடம் இருப்பது பழைய பதிப்பு. திருத்திய சி.டி.யையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டோம். எனக்கென்னவோ பழகிய தப்பான சுருதியே பிடித்திருக்கிறது. கச்சேரிக் கட்சியினர் சிரித்த சிரிப்பை அறிக்கையில் எழுத முடியாது.

அப்புறம் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த ‘டேக் ஃபைவ்’. சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் அமைத்தது, அவர் வாசித்த பியானோ கலைஞர் டேவ் புருபெக்கின் குழு 1959-ல் பதிவு செய்தது. விருந்தினராக வந்த மிருதங்க ஆசிரியர் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். “கண்ட சாபுதான், ஆனா முன்பின்னா மாத்திப் போட்டிருக்கான்” என்றார். நாம் ‘தக தகிட’ என்போம், அவர்கள் ‘தகிட தக’ என்கிறார்கள். ஜோ மொரெல்லோ டிரம்ஸில் தனி வாசிக்கும்போது பியானோ அந்த ஐந்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதை ரொம்பவே மெச்சினார். தனி ஆவர்த்தனத்தில் தாளம் போடுகிறவர் செய்யும் வேலை அது. அன்று இரண்டு புது உறுப்பினர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் சந்தாவும் கட்டிவிட்டார்.

நேரில் கேட்டது கொஞ்சம்தான். ஜூன் மாதத் தெரு இசை விழாவில் நின்றுகொண்டே கேட்டதைச் சேர்த்தாலும் மூன்று. பிப்ரவரியில் ஆரோவில் பக்கம் நடந்த சின்னக் கச்சேரியை மட்டும் சொல்கிறேன். அதே ‘டேக் ஃபைவ்’ நடுவில் மின்சாரம் போய்விட்டது. கீபோர்டு ஊமையாகிவிட, சாக்ஸபோன்காரர் மேடையை விட்டிறங்கி நாற்காலிகளுக்கு நடுவே வந்து வாசித்தார். டிரம்ஸ்காரர் குச்சியைப் போட்டுவிட்டுக் கையால் தட்டினார். கீபோர்டு விட்ட ஐந்தை நம் ஆட்கள் கைதட்டிப் பிடித்துக்கொண்டார்கள், நானும்தான். போனில் படம் பிடித்தவரிடம் மிஞ்சியது இருட்டும் யாரோ இருமுவதும் மட்டுமே. அன்றைக்கு வாசித்தது எந்தத் தட்டிலும் இல்லை.

இனி டிசம்பர் கதை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த எல்.பி.க்கள் நனைந்தன. அவை வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை, அதைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. உறைகள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாயின. காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நடுவிலுள்ள லேபிள் நனையாமல் துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்தினோம். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.

ஒன்றே ஒன்று போனது, அதுவும் என் கையால். ஞாயிறு சந்தையில் கிடைத்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் 78 வேகத் தட்டு. 1928-ல் தீக்காயத்தில் இடக்கையின் இரண்டு விரல் முடங்கிய பிறகும், மிச்ச விரல்களில் தனி வாசித்து கிடாருக்கே வேறு வழி காட்டியவர். பூஞ்சை போகட்டும் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அது வினைல் அல்ல, அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சில் கறுப்பு ஒட்டியபோதுதான் புத்தி வந்தது. அதற்கான விலையைச் சங்கக் கணக்கில் நானே செலுத்தியிருக்கிறேன், ரசீது பொருளாளரிடம் உள்ளது.

மீதிக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். கையிலிருக்கும் பணத்தில் ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்ப்பதா, ஒரு மூவர் குழுவை அழைத்துக் கச்சேரி வைப்பதா என்று செயற்குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பொதுக்குழு இன்றே முடிவு செய்ய வேண்டும். என் ஓட்டு இந்த முறை கச்சேரிக்கு.

இப்படிக்கு,
செயலாளர்