பதினோராவது பாரில் ஒரு பூ

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டுக்கு 90 வயது நிறைந்ததையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுத ஆள் இருக்கிறதே என்று சந்தோஷம்தான். ஆனால் படுக்கப் போகும் முன் அவர் இசையைக் கேட்டால் நல்ல தூக்கம் வரும் என்று கட்டுரையை முடித்திருந்தது சுருக்கென்றது. நான் நாகர்கோவிலில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள். பெரிய விமர்சனம் எழுதத் தெரியாது, விரல் அறிந்ததைச் சொல்கிறேன்.

பார்ட் 1976இல் எழுதிய ‘ஃப்யூர் அலினா’ என்ற பியானோ பாட்டு இரண்டே பக்கம். கிரேடு தேர்வுகளையெல்லாம் முடித்த ஒரு மாணவி அதைப் பார்த்துவிட்டு, “சின்னப் பிள்ளைங்க பாடம் மாதிரி இருக்கே மிஸ்” என்றாள். சரி, வாசி என்றேன். நோட்டெல்லாம் சரியாகத்தான் விழுந்தது, கேட்க ஒன்றுமில்லை. அதில் தாளக்குறி கிடையாது. தொடக்கத்தில் அடிக்கட்டையில் பி சுரத்தைத் தட்டிப் பெடலில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த அதிர்வின் மேல் இரண்டு கையும் சேர்ந்து நடக்கும். பாருக்குப் பார், அதாவது நோட்டில் கோடு போட்டுப் பிரித்த பகுதிக்குப் பகுதி, ஒரு சுரம் கூடிக்கொண்டே போகும், அப்புறம் அதே மாதிரி குறையும். வலது கை பி மைனர் ஸ்கேலின் ஏழு சுரத்திலும் உலவலாம். இடது கைக்கு பி, டி, எஃப் ஷார்ப் என்று மூன்றே சுரம். மெலடி எங்கே போனாலும் அதற்குக் கீழே, ஆகக் கிட்டத்தில் இருப்பது அந்த மூன்றில் எதுவோ அதைத்தான் தொட வேண்டும். ஒரு சுரம் அவசரப்பட்டாலும் மொத்தமும் கலைந்துவிடும். மாணவிக்கு அன்று நடந்தது அதுதான்.

சிறு மணிகள் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இந்த முறைக்கு டின்டினாபுலி என்று பார்ட் பெயர் வைத்தார். இரண்டு கையின் வரியும் ஒன்றாகிவிடுவதால், ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் ஒன்று என்று இதற்குக் கணக்குச் சொன்னவர் அவர் மனைவி நோரா. கட்டுரையில் அந்த அம்மாவின் பெயரே இல்லை.

இன்னொரு திருத்தமும் உண்டு. 1968க்குப் பிறகு எட்டு வருடம் பார்ட் ஒன்றுமே எழுதவில்லை என்று கட்டுரை சொல்கிறது. அப்படி இல்லை. மூன்றாம் சிம்பொனி 1971இல் வந்தது, பிழைப்புக்குத் திரைப்படங்களுக்கும் இசையமைத்தார். அவர் நிறுத்தியது பழைய பாணியை. பன்னிரண்டு சுரத்துக்கும் சம இடம் தரும் பன்னிரண்டு சுர முறையில் எஸ்டோனியாவில் முதன்முதலில் 1960இல் எழுதி, சோவியத் அதிகாரிகளிடம் திட்டு வாங்கியவர் அவர். 1968இல் ‘கிரேடோ’ என்ற கோரஸ் படைப்பு வந்தது. இசை நடத்துநர் நேமே யார்வி எஸ்டோனியத் தலைநகர் தாலினில் அதை நடத்தினார். கடவுள் மறுப்பை அரசுக் கொள்கையாக வைத்திருந்த நாட்டில், இயேசு கிறிஸ்துவை நம்புகிறேன் என்று லத்தீனில் கோரஸ் பாடினால் விடுவார்களா? தடை விழுந்தது. பிறகு பழைய தேவாலயப் பாடல்களான கிரிகோரியன் கீதங்களை ஆரம்பப் பாடம் போலக் கற்று, ஒற்றை வரி மெலடிகளாக நோட்டுப் புத்தகங்களை எழுதி நிரப்பினார். அந்த உழைப்பில் பிறந்த இசையைத் தூக்க மாத்திரை ஆக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

தூக்கம் வருகிறவர்கள் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நினைவாக அவர் 1977இல் எழுதிய ‘கான்டுஸ்’ கேட்டுப் பார்க்கட்டும். தந்தி வாத்தியங்களும் ஒரே ஒரு மணியும்தான். ஆதாரம் என்று பார்த்தால் ஏ மைனரின் அவரோகணம், வேறொன்றுமில்லை. முதல் வயலின்கள் ஒரு வேகத்தில் இறங்க, இரண்டாம் வயலின்கள் அதில் பாதி வேகம், வியோலா அதிலும் பாதி. இப்படியே போய் டபுள் பாஸ் பதினாறில் ஒரு பங்கு வேகத்தில் இறங்கும். நம் கச்சேரியில் பல்லவியை மூன்று காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுவார்கள். இங்கே ஐந்து காலமும் ஒரே நேரத்தில். கடைசியில் எல்லோரும் ஒரே நாதத்தில் வந்து நின்று, சட்டென்று நிறுத்துவார்கள். அப்போதுதான் மணியின் ரீங்காரம் காதில் படும். தந்திகளின் சத்தத்துக்குள் அதை மெல்லத் தட்டியிருப்பார்கள், நமக்குத் தெரிந்திருக்காது. முதல்முறை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, தூக்கம் போயே போய்விட்டது.

1980இல் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறி வியன்னாவுக்கும் பிறகு பெர்லினுக்கும் போனார். இ.சி.எம். இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய மான்ஃப்ரெட் ஐகர் காரில் போகும்போது வானொலியில் பார்ட்டின் இசையைக் கேட்டு வண்டியை ஓரங்கட்டியதும், அந்த நிறுவனத்தின் 1984 ஆல்பத்தால் உலகம் அவரை அறிந்ததும் கட்டுரையிலேயே நன்றாக வந்திருக்கிறது.

என் மாணவி கதையை முடித்துவிடுகிறேன். வாசித்து முடித்தவள் தாளை என்னிடம் நீட்டி, “இது என்ன மிஸ், யாராவது கிறுக்கினதா?” என்று கேட்டாள். பதினோராவது பாரின் கடைசியில் ஒரு சின்னப் பூ. பார்ட் வரைந்தது அது. இடது கை என்ன வாசிக்கிறது என்று பார் என்றேன். சி ஷார்ப். அனுமதித்த மூன்றில் சேராதது. பாட்டு முழுவதிலும் இடது கை விதியை மீறுவது அந்த ஓரிடத்தில் மட்டும். கொஞ்ச நேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முதல்ல இருந்து வாசிக்கட்டா மிஸ்?” என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்