வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த ஸ்டிக்கர் விஷயமாக

டாக்டர்களுக்கும், ஆடியாலஜிஸ்ட்களுக்கும், காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோமீட்டர் மெஷினைத் தினமும் கையாளும் சிஸ்டர்களுக்கும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டீர்கள். "காசு வாங்கிக்கிட்டு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிட்டுப் போறாங்க" என்கிறது அது. காலிபரேஷன், அதாவது மெஷின் தரும் சத்தம் சரியான அளவில் இருக்கிறதா என்று அளந்து சரிசெய்வது, முடிந்ததும் தேதி போட்டு ஒட்டும் ஸ்டிக்கரைத்தான் சொல்கிறார்கள். கடைப் பெயர் சொல்லவில்லை. ஆனால் பச்சை ஸ்டிக்கர் என்றால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை யாரைச் சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளினிக்கில் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலை ஆட்களுக்கு வருடாந்தரக் காதுப் பரிசோதனை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இடது காது மட்டும் 10, 15 டெசிபல் மோசம். இரைச்சலில் வேலை செய்பவர்களுக்குக் காது பாதிப்பது புதிதில்லை. ஆனால் அது பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும், 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சுச் சத்தத்தின் பக்கம்தான் வரைபடத்தில் முதலில் பள்ளம் விழும். இங்கே இடது மட்டும், எல்லா ஃப்ரீக்வென்சியிலும் ஒரே மாதிரி. டாக்டர் சந்தேகப்பட்டது சரி. ஸ்டிக்கரில் ஆறு வாரத்துக்கு முந்தைய தேதியைப் பார்த்துக் கோபப்பட்டதும் சரிதான்.

மறுநாளே, காதுக்குப் பதிலாக ஹெட்போனைப் பொருத்தி அளக்கும் கப்ளரையும் சவுண்ட் லெவல் மீட்டரையும் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருப்பது டி.டி.எச்.39 மாடல் ஹெட்போன். 1000 ஹெர்ட்ஸில் டயலை 70-இல் வைத்தால் மீட்டர் 77 காட்ட வேண்டும், 3 டெசிபல் முன்னே பின்னே இருக்கலாம். அந்தக் கூடுதல் 7 நான் வைத்த கணக்கில்லை, ஐ.எஸ்.ஓ. 389 என்ற சர்வதேசத் தரம் இந்த ஹெட்போனுக்குச் சொல்வது. வலது பக்கம் 76. இடது பக்கம் 64, அதாவது 13 குறைவு. சத்தம் குறைவாகப் போனதால்தான் இடது காது மோசமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கே வியர்த்துவிட்டது. அப்புறம்தான் ஹெட்போனைத் திருப்பி சீரியல் நம்பரைப் பார்த்தேன். நாங்கள் காலிபரேட் செய்த ஹெட்போனே இல்லை அது! பீரோவைத் திறந்தால், எங்கள் நோட்டில் இருக்கும் நம்பரோடு நிஜ ஹெட்போன் பழைய ஃபைல்களுக்கு அடியில் கிடக்கிறது. ஜாக் அருகே ஒயர் அறுந்து, கறுப்பு டேப் சுற்றி. ஒயர் போனதும் பரணில் இருந்த வேறொரு மெஷினின் ஹெட்போனை எடுத்துச் சொருகியிருக்கிறார்கள். ஜாக் பொருந்தியது, சத்தமும் வந்தது, வேலை ஓடியது.

பெட்டியை மட்டும் தனியாகக் காலிபரேட் செய்ய முடியாது. பெட்டியும் அதன் ஹெட்போனும் சேர்ந்துதான் ஒரு மெஷின். சிவப்பு வலது, நீலம் இடது என்று ஒவ்வொரு காதாக, ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியாக அந்த ஜோடிக்கு அளவு வைக்கிறோம். ஹெட்போன் மாறினால் ஸ்டிக்கர் அன்றைக்கே செத்தது. காதுக்குப் பின்னால் வைத்து எலும்பு வழியாகச் சத்தம் அனுப்பும் போன் (bone) வைப்ரேட்டருக்கும் இதே கதைதான். வெறும் ஸ்டிக்கர் ஒட்டுவது என்றால் இரண்டு நிமிட வேலை. உங்கள் கிளினிக்கில் ஃபேனை நிறுத்தச் சொல்லி, கன்டெய்னர் லாரி போகும் வரை காத்திருந்து, அரை நாள் நான் ஏன் உட்கார வேண்டும்? (சான்றிதழில் ஹெட்போன் நம்பரை இதுவரை எழுதாமல் விட்டோம், இனி எழுதுகிறோம்.)

தினமும் காலையில் ஒரு காரியம் செய்யுங்கள். நல்ல காது உள்ள ஒருவர், தன் பழைய ஆடியோகிராமை, அதாவது காதுப் பரிசோதனை வரைபடத்தை, பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக் கேட்டுப் பார்க்கட்டும். 10 டெசிபல் தள்ளிப் போனால் அன்றைக்கு யாரையும் டெஸ்ட் செய்ய வேண்டாம், எனக்கு போன் போடுங்கள். கேட்கும்போதே ஒயரை ஆட்டிப் பார்க்க வேண்டும், கரகர என்றால் அது அறுகப் போகிறது. காசிமேட்டுப் பக்கம் கடல் காற்றில் ஜாக் பச்சை பூத்துப் போகிறது, அதையும் கவனியுங்கள். கீழே விழுந்த ஹெட்போனும் வைப்ரேட்டரும் வேலை செய்தாலும் கடைக்கு வரட்டும்.

பழைய மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வாங்கலாம், அதனோடு பிறந்த ஹெட்போன் கூடவே வந்தால். தொழிற்சாலை ஸ்கிரீனிங்குக்கு, ஹெட்போன் வழியாகச் சோதிக்கும் ஏர் கண்டக்‌ஷன் மட்டும் போதும். இ.என்.டி. கிளினிக் என்றால் எலும்பு வழியாகச் சோதிக்கும் போன் கண்டக்‌ஷனும் மறு காது கேட்டுவிடாமல் அதில் இரைச்சல் கொடுக்கும் மாஸ்க்கிங்கும் இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது, ரிப்பேருக்கு வந்திருந்த மெஷின்களை வைக்க மாடி அறையைத் திறந்துவிட்டவர் நம் வாடிக்கையாளர் ஒருவர். "மெதுவாகக் கொடுங்க, அவசரமில்லை" என்று மற்றவர்கள் சொன்னதும் மறக்காது. அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகும் பலர் வழக்கம்போல மெஷினை அனுப்பிவைத்தீர்கள். என்ன சொல்லி நன்றி சொல்வேன்?

அடுத்த மாதத்திலிருந்து காலிபரேஷன் கட்டணம் 400 ரூபாய் கூடுகிறது, உங்கள் மெஷின் கடையில் இருக்கும்போது தரும் மாற்று மெஷினுக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

அந்த டாக்டருக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஹெட்போனுக்குப் புது ஒயர் போட்டு, உங்கள் மெஷினோடு சேர்த்து அளவு பார்த்தாயிற்று. இரண்டும் கடையில் தயாராக இருக்கின்றன. இதற்குக் காசு வேண்டாம். யாரையாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்